லொத்தேயின் கொட்டாவி

பாம்புகளைப் பற்றிய பரீட்சைத் தாள்களை நான் ஒரு காலத்தில் திருத்தியிருக்கிறேன். இங்கே சொல்லப்போகும் அவமானத்துக்கு அதுதான் முதற்காரணம். ஒன்றும் தெரியாதவனாக இருந்திருந்தால் மனைவி சொன்னதைக் கேட்டிருப்பேன்.

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவன் நான். என்னுடைய பாம்புகள் எல்லாம் போர்மலின் போத்தலுக்குள் இருந்தவை. (மிகவும் ஒழுக்கமானவை. ஒன்றுகூடச் சாப்பாடு கேட்டதில்லை.) ஜேர்மனியின் கொலோன் நகருக்கு அகதியாக வந்தபின் ஒரு வெதுப்பகத்தில் பாண் அடுக்கி ஓய்வு பெற்றேன். அங்கே யாரும் என்னை "மாஸ்டர்" என்று கூப்பிடவில்லை.

உயிருள்ள பாம்பு வீட்டுக்கு வந்தது என் மனைவி பத்மாவால். அவர் வேலை செய்த முதியோர் இல்லத்துக்கு பிராண்ட் என்றொரு கிழவர் வந்து சேர்ந்தார். பிள்ளை குட்டி இல்லை. வீட்டில் விட்டுவந்த பாம்பை இனி யார் பார்ப்பார்கள் என்பதுதான் அவருக்கு ஒரே கவலை. "நான் பாக்கிறன் ஐயா, கடைசி மட்டும் பாக்கிறன்" என்று பத்மா அவருக்கு விளங்கும் மொழியில் வாக்குக் கொடுத்துவிட்டார். கிழவர் கண்ணை மூடினார். லொத்தே என்ற அந்தப் பாம்பு எங்கள் வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், சூடு விளக்கின் கீழ் குடியிருந்தது. செம்மஞ்சள் நிறம், விஷமில்லாத சாதி, என் கையைவிட நீளம். அதன் சாப்பாடு, உறையவைத்து விற்கும் எலி. நிலவறைக் குளிர்ப்பெட்டியில், முருங்கைக்காய்க்குப் பக்கத்தில், பழைய ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் அவை கிடக்கும்.

தன் தங்கை மகளின் கலியாணத்துக்கு பத்மா ரொறொன்ரோ புறப்பட்டார். வாசலில் நின்று சொன்னார்: "பத்து நாளைக்கு ஒருக்கா ஒரு எலி. பையோட இளஞ்சுடுதண்ணியில வைச்சு இளக்கி, இடுக்கியால குடுங்கோ. குடுத்தா ரெண்டு நாளைக்கு அவளைத் தூக்கக்கூடாது. இவ்வளவுதான்."

"எனக்கே பாம்பு படிப்பிக்கிறீரோ?"

"உங்கட பாம்புகள் சாப்பிடேல்லை," என்றுவிட்டுப் போய் டாக்ஸியில் ஏறினார்.

அந்தக் கிழமையே தமிழ்ப் பாடசாலையிலிருந்து தொலைபேசி வந்தது. சனிக்கிழமை ஆண்டு விழாவாம். பிள்ளைகளுக்கு விலங்குகளைப் பற்றி நான் பேசவேண்டுமாம். "மாஸ்டர், பாம்பையும் கொண்டு வாங்கோவன்" என்றார்கள். பாம்பென்ன, மாஸ்டர் என்ற அந்த ஒரு சொல்லுக்காக முதலையையும் கொண்டு போயிருப்பேன்.

மேடையில் அது கடித்துவிட்டால்? யோசித்தேன். மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டபின் எனக்கு உலகத்தில் யாரோடும் பகை இருப்பதில்லை. பாம்புக்கும் அப்படித்தானே இருக்கவேண்டும்? வெள்ளிக்கிழமை மாலை லொத்தேக்கு எலி கொடுத்தேன். நிச்சயமான சாந்தத்துக்காக இன்னொன்றும் கொடுத்தேன். பத்மா சொன்ன இரண்டு நாள் கணக்கு நினைவில் இருந்தது. அது படிக்காதவர்களுக்கான பொதுவிதி என்று முடிவு செய்தேன்.

மறுநாள் அதைத் தலையணை உறைக்குள் போட்டு, குளிர் படாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். மேடையில் பாடசாலையை நடத்தும் சங்கத்தின் தலைவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நான் லொத்தேயை எடுத்துத் தோளில் விட்டேன். கைதட்டல் பலமாக இருந்தது. சாட்சாத் பரமசிவன் போல நிற்கிறேன் என்று எனக்கே தோன்றியது. (சுதனுடைய வீடியோவில் பார்த்தால், தோளில் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைப் போட்ட கிழவன்தான் தெரிகிறான். சுதன் என் மகன். முன்வரிசையில் இருந்து எல்லாவற்றையும் படம் பிடித்தவன்.) உண்ட பாம்பு முனிவரைப் போன்றது என்று தொடங்கினேன். அப்போது ஒரு சின்னப் பெண் கையை உயர்த்தினாள்.

"மாஸ்டர், அது ஏன் வாயைத் திறக்குது?"

"கொட்டாவி விடுது, பிள்ளை."

லொத்தே வாயை இன்னும் அகலமாகத் திறந்தது. கழுத்தில் ஒரு வீக்கம் ஏறி வந்தது. பொன்னாடையின் சரிகையில், படம் எடுப்பதற்காக ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற தலைவரின் விரல்களுக்குப் பக்கத்தில், பாதி செரித்த எலி ஒன்று வந்து விழுந்தது. தலைவர் பொன்னாடையை விட்டார். பிறகு மேடையையும் விட்டார். அந்த மணத்தை எழுத்தில் வைக்க என் தமிழ் போதாது. பெரியவர்கள் கதவை நோக்கிப் போனார்கள். பிள்ளைகள் மேடையை நோக்கி வந்தார்கள். அன்று மண்டபத்தில் ஒரு வடையும் விற்கவில்லை என்று பின்னர் அறிந்தேன்.

"மாஸ்டர், இன்னொண்டும் வருது," என்றாள் அந்தப் பெண்.

சிரிப்பு அதோடு முடிந்தது. லொத்தே என் கையில் துவண்டு கிடந்தது. சுதன் ஊர்வனவற்றைப் பார்க்கும் மிருக வைத்தியரிடம் காரை விட்டான். வைத்தியராக இருந்த இளம் பெண் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சாப்பிட்ட பாம்பைத் தூக்கினால் அதன் வயிறு தாங்காது என்றார். இரண்டு கிழமைக்கு எலி கூடாது, தண்ணீரும் சூடும் மட்டும். பிறகு ஒரு சின்ன எலி. அதையும் கக்கினால் பிழைப்பது கடினம்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றுமுன் பத்மா அழைத்தார்.

"லொத்தே எப்பிடி இருக்கிறாள்?"

"கொஞ்சம் களைப்பு."

"எத்தினை எலி குடுத்தனீங்கள்?"

"ஒண்டுதான்."

"சுதன் வீடியோ அனுப்பினவன்," என்றார். வசவை எதிர்பார்த்தேன். அவரோ, "பிராண்ட் ஐயாவுக்கு நான் என்ன சொல்லுறது?" என்றார். கோட்டைக் கழற்றாமலே நான் பெட்டிக்கு முன் உட்கார்ந்தேன். அடுத்த இரண்டு கிழமையும் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். விளக்கின் சூட்டைப் பார்ப்பேன், தண்ணீரை மாற்றுவேன், தொடமாட்டேன். என் வாழ்நாளில் ஒரு பாம்பை நான் ஒழுங்காகப் பார்த்தது அப்போதுதான்.

சின்ன எலியைக் கொடுத்தது ஊர் திரும்பிய பத்மா. பிறகு பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பெற்றோரைப் போல இரண்டு நாள் மெதுவாகப் பேசி, மெதுவாக நடந்தோம். லொத்தே கக்கவில்லை. பத்மா கறிக்கு மீன் வாங்கிவரச் சொன்னார். மன்னித்துவிட்டார் என்று விளங்கிக்கொண்டேன்.

இப்போது லொத்தே கொழுத்துச் சுகமாக இருக்கிறது. தமிழ்ப் பாடசாலையில் என்னை எல்லோரும் மாஸ்டர் என்றே அழைக்கிறார்கள். பொன்னாடை மட்டும் போர்த்துவதில்லை. எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கொட்டாவி விட்டால், சுதனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கதிரைகளைப் பின்னுக்கு இழுப்பார்கள். பத்மா மட்டும் அசையமாட்டார்.

"எத்தினை?" என்று கேட்பார்.

கோழிக்கால் ஆனாலும் சரி, வடை ஆனாலும் சரி, நான் இப்போதெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.