சரிவராதார் ஏசிய தோணி

திருகோணமலை உள்துறைமுகத்தில் மிதந்த தோணிகளில், தன்னுடையதைத் தவிர, சரிவராதார் ஏறிக் குறை சொல்லாத தோணி ஒன்று இருந்திருந்தால் அது இன்னும் மரமாகக் காட்டில்தான் நின்றிருக்கும்.

அறுபதுகளில் துறைமுகப் பண்டகசாலையில் எனக்கு மூத்த எழுதுவினைஞர் அவர். பனைமர உயரம், அதில் பெரும்பகுதி கால். எந்தத் தோணியைக் கண்டாலும் ஏறி இருந்து, கொஞ்சத் தூரம் துடுப்பு வலித்துப் பார்த்துவிட்டு, "சரிவராது" என்று இறங்குவார். அபிப்பிராயத்தை யாரும் கேட்க வேண்டியதில்லை, தானாகவே வரும். அவருடைய சொந்தப் பெயரை மேலதிகாரிகூட யோசித்துத்தான் சொல்வார்.

நான் புதிதாகக் கலியாணம் முடித்து, பண்டகசாலைக் கந்தோருக்கு எதிரே இருந்த சின்னக் குடாவின் மறுகரையில் வாடகைக்கு வீடு எடுத்திருந்தேன். றோட்டால் சுற்றி வந்தால் வேலைக்கு வரும்போதே வீட்டுக்குப் போகும் நேரமாகிவிடும். தண்ணீரால் வந்தால் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வந்துவிடலாம். தோணி வாங்க அவரிடமே யோசனை கேட்டேன்.

"கிண்ணியாக் காசிமிட்ட ஒரு ஒடுங்கின தோணி நிக்குது. என்ர தோணிக்குத் தம்பி மாதிரி. தண்ணியில கத்தியாப் போகும்" என்றார்.

சரிவராதாரே புகழ்ந்துவிட்டார். வேறு என்ன வேண்டும்? அன்றைக்கே தோணி விற்கும் காசிம் காக்காவிடம் போய் வாங்கிவிட்டேன்.

மறுநாள் காலை அதில் ஏறினேன் என்று சொல்ல முடியாது. ஒரு பக்கத்தால் வைத்த காலை மறுபக்கத்தால் எடுத்தேன். கந்தோர் முழுக்க எதிர்க்கரையில் நின்று பார்த்தது. குடை ஒரு பக்கம் போக, மத்தியானச் சாப்பாடு மீன்களுக்குப் போனது. றோட்டால் சுற்றிவந்து, ஈரம் சொட்டச் சொட்ட அவர் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"நல்ல தோணி எண்டு சொன்னீங்கள்."

"ஓம், நல்ல தோணிதான்."

"கவிண்டு போச்சு."

"நான் ஏறினால் கவிழாதே. எனக்கு நல்லது எண்டுதான் சொன்னனான். உமக்கு நல்லது எண்டு எப்ப சொன்னனான்? ஆடினால் பயப்படுவன் எண்டு நீர் சொல்லவுமில்லை."

தோணியைக் காசிம் காக்காவிடமே திருப்பிக் கொண்டுபோனேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, ஐயாட கதைய அப்பிடியே எடுக்கப்படாது. அவருக்கு ஓட்டமும் ஆட்டமும் வேணும். அவர் என்னத்துக்கு ஏசுறார் எண்டு கேட்டுட்டு வாங்குங்க."

அன்று பின்னேரமே சரிவராதாரை அழைத்து நீளம் குறைந்த, அகலமான ஒரு தோணியில் ஏற்றினார். ஏறி இருந்தவரின் முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"இது தோணியில்லைக் காசிம், கட்டில். தட்டினாலும் ஆடாது. திரும்பச் சொன்னால் யோசிச்சுத்தான் திரும்பும். கால் வைக்க இடமில்லை. இதில போறவன் அரைவழியில நித்திரையாப் போவான்."

"இன்னும் கொஞ்சம் ஏசுங்க ஐயா" என்றார் காசிம் காக்கா, என்னைப் பார்த்துக் கண்ணடித்தபடி.

நான் கட்டையன், எனக்குக் கால் ஒரு பிரச்சினையில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு குறையும் என் காதில் வரமாக விழுந்தது. தோணியை மாற்றிக்கொண்டேன்.

துறைமுகமே அவரை அப்படித்தான் பயன்படுத்துகிறது என்று பிறகு கண்டேன். போட்டிக்கு ஓடும் இளந்தாரிகள் அவர் புகழ்ந்ததை வாங்கினார்கள். வலை ஏற்றுகிறவர்கள் அவர் "மாடு" என்று ஏசியதைத் தேடிப்போய் வாங்கினார்கள். தன் விருப்பத்தை ஒளித்து எல்லாருக்கும் பொதுவாக அவர் பேசியிருந்தால் ஒருவருக்கும் உதவியிராது.

அந்த வருடம் வாடைமழை றோட்டை மூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் மனைவிக்கு நாளுக்கு முன்பே வலி கண்டது. ஆஸ்பத்திரி அக்கரையில். நான் துடுப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். நல்லவேளை, நான் இன்னும் தாழாமல் இருக்கிறேனா என்று பார்க்க ஞாயிறுதோறும் வரும் சரிவராதார் அன்றும் தன் ஒடுங்கிய தோணியில் வந்து சேர்ந்தார். மனைவியைப் பார்த்தார். தன் தோணியைப் பார்த்தார்.

"என்ர இதுக்குச் சரிவராது" என்றார். "உம்மட கட்டிலை அவிழும்."

நானும் மனைவியும் ஏறியதும் அவர் முழங்காலை மடித்து உள்ளே இறங்கி, மழைக்குள் துடுப்பு வலிக்கத் தொடங்கினார். வலித்த அளவுக்கு ஏசவும் செய்தார்.

"நட மாடே. உனக்கு முன்னால இருக்கிறதுதான் கரை. உன்னைச் செய்தவன் பள்ளிக்கூட வாங்கு செய்யப் போயிருக்கவேணும்."

"அண்ணை, சிரிக்க வையாதேங்கோ, ஏலாது" என்றாள் என் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் உம்மோட கதைக்கேல்லைத் தங்கச்சி. இந்தச் சனியனோட கதைக்கிறன்."

அலை அடித்தது, தோணி ஆடவில்லை. அக்கரை சேர்ந்தபோது அவருடைய கால் இரண்டும் மரத்துவிட்டன. தூக்கப் போனேன்.

"என்னை விடும். மனிசியோட போம்" என்று அதட்டினார்.

பொழுதுபடும் நேரம் மகள் பிறந்தாள். மழை விட்டிருந்தது. சொல்வதற்காக ஓடிவந்தேன். அவர் எங்கும் போகவில்லை. தோணிக்குள்ளேயே இருந்து, ஒரு சிரட்டையால் மழைத்தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்.

"பொம்பிளைப்பிள்ளை. ரெண்டுபேரும் சுகம்" என்றேன்.

அவர் ஈரச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்து இறைத்தார். உள்ளே தண்ணீர் எப்போதோ முடிந்திருந்தது. நான் இறங்கி, அந்த நீண்ட கால்களுக்குப் பக்கத்தில் கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டு இருந்துவிட்டேன்.