அபிப்பிராயம் கேட்ட ஐயங்கார்

மைசூரில் மகாராஜா ஒருவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் அபிப்பிராயம் கேட்டு முடித்தவர் அவர். மகாராஜா தப்பித்தது அரண்மனைக் காவல்காரர்களால். அந்தக் காவல்காரர்களிடமும் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் ரயில்வே குமாஸ்தா. அவர் எதிர்வீடு. உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்று, ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாக விசாரித்துச் சொல்ல அவரை வைத்திருந்தது. அதனால் 'அபிப்பிராயம்' ஐயங்கார். பதில் சொன்னவுடன் "காரணம்?" என்பார். தலையில் எண்ணெய் வழிய நின்றவனையும் விட்டதில்லை.

ஊருக்குள் ஜட்கா வண்டி போதுமா, மோட்டார் பஸ் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்த வாரம், தெருக்கோடியில் ஒரு சாவு. கிளம்பிய பாடையை வழிமறித்து, "ஸ்வல்பம் நில்லுங்கோ" என்றார். தோள் கடுத்துக்கொண்டிருந்த நாலு பேரும் பஸ் என்றார்கள். அவர் காரணம் கேட்கவில்லை. பாடையைப் பார்த்து, "இவரைப் போன வாரமே கேட்டிருக்கணும்" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

அவருக்கு வேதா என்று ஒரே பெண். கல்யாணமான வருஷமே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டவள். வாசல் பக்கம் அவளைப் பார்ப்பதே அபூர்வம்.

ஒருநாள் புதுக் கேள்வியோடு வந்தார். புருஷன் போன சின்னப் பெண் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளலாமா? பத்திரிகைக்கு என்று நினைத்துத் தெருவே தாராளமாகப் பேசியது. கூடாது என்றதோடு நிற்காமல், அப்படிப்பட்டவளை என்ன செய்ய வேண்டும் என்றும் விவரித்தது. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

எங்கள் வீட்டில் நான் தொண்டையைச் செருமுவதற்குள், வேற்று ஆண்பிள்ளை எதிரில் வாய் திறந்தே அறியாத என் மனைவி உள்ளிருந்து வந்து நின்றாள்.

"பண்ணிக்கட்டுமே மாமா. அவ என்ன பாவம் பண்ணினா?"

என் கையிலிருந்த காப்பி மடியில் கொட்டியது. பத்திரிகைக் கேள்விக்குள் 'அவ' எங்கிருந்து வந்தாள் என்றுகூட எனக்கு விளங்கவில்லை. அவர் அன்று காரணம் கேட்கவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த மாதம் வேதாவுக்கு பெங்களூரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோடு கல்யாணம் என்று அவரே வீடு வீடாக வந்து அழைத்தார். தெருவுக்கு மூச்சு நின்றது. தாலுகா அதிகாரியாயிருந்து ரிடையரான அமல்தார் அவரை நடுத்தெருவில் மடக்கினார்.

"ஓய், ஊர் என்ன சொல்லும்னு யோசிச்சீரா?"

"யோசிப்பானேன்? கேட்டாச்சே. ஒரு வீடு தவிர எல்லாரும் கூடாதுன்னேள்."

"அப்புறம்?"

"அபிப்பிராயந்தானே கேட்டேன். அனுமதி கேக்கலையே."

மறுநாளே புரோகிதர் ஐயங்கார் வீட்டுப் படியேற மறுத்தார். பத்திரிகைக்காரரும் இனி வரவேண்டாம் என்றார். எங்கள் தெருவிலிருந்து கல்யாணத்துக்குப் போனது நானும் என் மனைவியும் மட்டும். பந்தலில் வேதா சிரித்ததைப் பார்த்த பிறகுதான், அவளுக்குப் பல்வரிசை அழகு என்பதே எனக்குத் தெரிந்தது. ஐயங்கார் பிள்ளைவீட்டாரிடம் சாம்பாரைப் பற்றி அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு பெங்களூருக்கே குடிபோய்விட்டார். அதற்கப்புறம் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. சொல்வதற்கு என்னிடம் எவ்வளவோ இருக்கிறது.