கடக்காதவர்களை எண்ணுபவர்

நகரத்தை வாழத் தகுந்ததாக்குபவர் என்று ஓர் இனம் இருக்கிறது. நகரம் வளரும் வேகத்தில் இந்த இனமும் வளர்கிறது. ஒரு மேம்பாலத்துக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். தோளில் கணினிப் பை, கழுத்தில் போன மாதக் கருத்தரங்கின் அடையாள அட்டை, கையில் உலக வெப்பத்தைக் குறைப்பதற்கென்றே வாங்கிய தண்ணீர் பாட்டில். நடைபாதையின் அருமையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசுவார். பேச வருவதற்கு முன், அரங்கத்தில் கார் நிறுத்த இடம் உண்டா என்று இரண்டு முறை போனில் கேட்டிருப்பார். அவர் திரையில் காட்டும் எதிர்கால நகரத்தில் மரங்களெல்லாம் ஒரே உயரம். எல்லாரும் சைக்கிளில் சிரித்துக்கொண்டே போவார்கள். ஒருவர் கையிலும் காய்கறிப் பை இருக்காது, ஒருவருக்கும் முட்டி வலிக்காது. மழை? அந்த ஊரில் பெய்வதில்லை.

உங்கள் கஷ்டம் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான். வீட்டுக்குள் முழங்காலளவு சாக்கடைத் தண்ணீர் என்று சொல்லிப் பாருங்கள். "சுவாரசியமா இருக்கே! உங்க முழங்கால் எத்தனை சென்டிமீட்டர்?"

கெட்டவரா? சேச்சே. நல்லவர். அதுதான் சிக்கல்.

எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். மனுப் போட்டு வரவழைத்தது அப்பா. எதிர்ச்சாரியில் அத்தை வீடு; அப்பாவுக்கு அக்கா. முன்பெல்லாம் நடந்தால் இரண்டு நிமிடம். சாலையை ஆறு தடமாக அகலப்படுத்திய பிறகு, அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு மாடியில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டியில் போவதென்றால் மேம்பாலம் ஏறிச் சுற்ற வேண்டும். அப்பா கேட்டது ஒன்றுதான்: நடந்து கடக்க ஒரு சிக்னல்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்த ரோட்டைக் கடக்கிறீங்க ஐயா?"

"ஒரு தடவையும் இல்ல தம்பி. கடக்க முடியலைன்னுதானே உங்களைக் கூப்பிட்டேன்."

"அப்ப பூஜ்யம்."

"அப்படி எழுதாதீங்க. கடக்கணும்னு நினைக்கிறது நாலு தடவை."

"படிவத்துல நினைக்கிறதுக்குக் கட்டம் இல்லையே ஐயா."

மூன்று வாரம் எங்கள் மாடியிலிருந்து கேமரா எண்ணியது. மாட்டிக் கொடுத்தது நான். எனக்கும் இந்த எண்ணுகிற வேலை தெரியும். அறிக்கை வந்தது. வண்ணப் படங்களோடு நூற்றுப் பன்னிரண்டு பக்கம். இவ்விடத்தில் கடந்தவர்கள்: இளைஞர் ஒன்பது, நாய் பதினொன்று, முதியவர் பூஜ்யம். ஆகவே முதியவர்களுக்கு இங்கே சாலையைக் கடக்கும் தேவை இல்லை. சிக்னல் வேண்டாம்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் படித்தார்.

"பூட்டின கடையில யாரும் சாமான் வாங்கலைன்னா, ஊருக்கே பசி இல்லைன்னு அர்த்தமா தம்பி?"

ஆய்வாளருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "சுவாரசியமா இருக்கே! இதை ரெண்டாம் கட்ட ஆய்வுல சேர்த்துடலாம்."

"அது எப்ப?"

"ரெண்டு வருஷத்துல."

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே."

"இருப்பீங்க ஐயா. சராசரி ஆயுள் கூடியிருக்கு."

கூடித்தான் இருக்கிறது. அப்பா போன மாதம் ஒரு காலையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

அத்தைக்குப் போன் செய்தேன். எதிர் மாடியில் அவர் எழுந்து நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. பிறகு அவர் டாக்ஸி பிடித்து, மேம்பாலம் ஏறி, நெரிசலில் நின்று, இறங்கி, திரும்பி வந்து சேர்ந்தார். கதவைத் திறந்தேன். என் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்:

"எத்தனை நிமிஷம் ஆச்சு அத்தை?"

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாப்பத்தஞ்சு. எழுதிக்கோ," என்று சொல்லிவிட்டு, தம்பியைப் பார்க்க உள்ளே போனார்.

எழுதிக்கொண்டேன்.

ஆகையால் வாசகரே, இந்த இனத்தை எங்கே கண்டாலும் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், நாற்பத்தைந்து நிமிடம் என்றதும் 'அப்படியானால் சுற்று எத்தனை கிலோமீட்டர் இருக்கும்?' என்று உங்கள் மனம் ஒரு கணம் கணக்குப் போட்டுப் பார்த்ததா? அப்படியென்றால் வாருங்கள், உட்காருங்கள். நமக்குள் அறிமுகம் எதற்கு?