அழுக்கை மட்டும்தான் அழித்தேன்

என்ன ஆனாலும் என் சாய்வு நாற்காலியை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்த விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். முடிவை மனைவியிடம் சொல்லவில்லை. இந்த வீட்டில் நான் எடுக்கும் முடிவுகள் எல்லாமே அந்த ரகம்தான்.

வம்பு ஒரு காகிதத்தில் வந்தது. வீட்டில் எது எங்கே வர வேண்டும் என்று அவள் பென்சிலில் ஒரு படம் வரைந்திருந்தாள். ஹாலில் ஜன்னலோரம் ஆளுயர அலமாரி. என் நாற்காலி? பின்பக்க வராந்தாவில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், சின்னச் சதுரமாக ஒடுங்கிக் கிடந்தது.

"ஏங்க, இதை ஸ்கேன் பண்ணினேன். ஒரே கறுப்பும் மஞ்சளுமா வந்திருக்கு. தச்சருக்குப் புரியணும். கம்ப்யூட்டர்ல கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடுங்களேன்."

"அதுக்கென்ன, பேஷா!" என்றேன். அவளே கூப்பிட்டு அழிப்பானைக் கையில் கொடுக்கிறாள்!

ஸ்கேன் படுமோசம்தான். மடிப்பு விழுந்த இடத்தில் கறுப்பாக ஓர் ஆறு ஓடியது. டீ டம்ளர் வைத்த வட்டம் சமையலறையை விழுங்கியிருந்தது. போட்டோ திருத்தும் மென்பொருளைத் திறந்து வெளுப்பை ஏற்றினேன். ஆறு வற்றியது, கூடவே சமையலறைச் சுவரும் காணாமல் போனது. கறுப்பை ஏற்றினேன். சுவர் திரும்பி வந்தது. ஆற்றையும் அழைத்துக்கொண்டு வந்தது. கடைசியில் படத்தைப் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக அழித்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது.

ஜன்னலோரம் வந்தேன். வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். சர், சர். அலமாரி போயே போய்விட்டது. வராந்தாவுக்குப் போய் அந்தச் சதுரத்தையும் துடைத்தேன். போக்கிடமே இல்லாத நாற்காலியை எங்கே கொண்டுபோய்ப் போடுவார்கள்?

"இன்னும் எவ்வளவு நேரம் படம் காட்டப் போறீங்க?" என்றபடி வந்தாள்.

"முடிஞ்சுது, பாரு."

பார்த்தாள். ஜன்னலோரத்தைச் சற்று அதிகமாகவே பார்த்தாள்.

"அழுக்கை மட்டும்தானே அழிச்சீங்க?"

"பின்னே? அழுக்கைத் தவிர ஒரு கோடுகூடப் போகலை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"தச்சர் முன்னாடி மாத்திப் பேசக் கூடாது."

"நான் என்னிக்கு மாத்திப் பேசியிருக்கேன்?"

அவள் கோபப்படவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை தச்சர் வந்தார். பிரிண்ட் எடுத்து வைத்திருந்த படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஜன்னலோரம் காலியா இருக்கே சார்?"

"ஆமாம், காலிதான்," என்றேன் கம்பீரமாக.

"நல்லதாப் போச்சு," என்றாள் மனைவி. "காலி இடத்துல அலமாரியை வெச்சிடுங்க."

"அங்கே என் நாற்காலி இருக்கு!"

"எங்கே? காட்டுங்க." படத்தை நீட்டினாள்.

ஹாலில் தேடினேன். வராந்தாவில் தேடினேன். அவ்வளவு சுத்தமாக நான் வாழ்க்கையில் எந்த வேலையும் செய்ததில்லை.

"அது... தவறிப்போய் அழிஞ்சிருக்கும்."

"அழுக்கைத் தவிர எதுவும் அழியலைன்னீங்களே?"

தச்சர் என்னையே பார்த்தார். ஒன்று, நான் பொய்யன். இல்லை, நாற்காலி அழுக்கு. மானமா நாற்காலியா என்று ஒரு கணம் தவித்தேன்.

"அழுக்குதான்," என்றேன்.

"வராந்தாவுலயாவது போடலாம்னு இருந்தேன். அவரே அழுக்குன்னுட்டார். நீங்களே எடுத்துக்கங்க தச்சரே."

தச்சர் நாற்காலியைப் பூப்போலத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். திரும்பும்போது, வண்டியிலிருந்து ஓர் ஆளோடு சேர்ந்து அலமாரியைச் சுமந்து வந்தார். புத்தம் புதுசு. பாலிஷ் பளபளத்தது.

"அதுக்குள்ள செஞ்சாச்சா?"

"அம்மா போன வாரமே அளவு குடுத்துட்டாங்க சார்."

"அப்போ இந்தப் படம் எதுக்கய்யா?"

அலமாரியை ஜன்னலோரம் பொருத்திவிட்டு, தச்சர் மூச்சு வாங்கச் சொன்னார்:

"உங்க சம்மதத்துக்குன்னு சொன்னாங்க."