பாதி நாள் பந்தல்

பிணவறையில் அம்மா ஆறு வாரமாகக் காத்திருந்தாள். பந்தல் கிடைக்கவில்லை.

கானா நாட்டுக் கடலோர ஊரான சால்ட்பாண்டில் அடக்கம் என்றால் சனிக்கிழமைதான். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் ஒரே பந்தல்காரி அராபா. ஒரே பேண்டு கோஷ்டி. அந்த பேண்டு சத்தம் கேட்டால் அம்மா அடுப்பில் மீனைக் கருகவிட்டுத் தெருவில் ஆடப் போய்விடுவாள். அது இல்லாமல் அவளை அனுப்ப மகன் எபோவுக்கு மனம் வரவில்லை. இந்த மாதக் கடைசியில் அவன் கப்பலுக்குத் திரும்பியாக வேண்டும்.

முதல் சனி பேண்டு இருந்தது, பந்தல் இல்லை. யாரோ ஒரு பெரியவர் பேசி வைத்திருந்தார். எபோ அடுத்த சனிக்குத் தள்ளினான். பேண்டு கிடைக்காமல் அந்தப் பெரியவரும் அதே சனிக்குத் தள்ளினார். எபோ முந்தைய சனிக்கே திரும்பினான். அவரும் திரும்பினார்.

"ரெண்டு பேரும் ஊஞ்சலா ஆடுறீங்க? அட்டவணை எழுதி எழுதி என் நோட்டே தீந்துபோச்சு" என்றாள் அராபா.

அனோமாபுவில் இருந்த தாய்மாமாவிடம் யோசனை கேட்கலாம் என்று போன் போட்டான். குடும்பத் தலைவர் அவர். முடிவான தேதியோடு சொன்னால்தான் மரியாதை என்று அடக்க ஏற்பாட்டைப் பற்றி இதுவரை அவன் அவரிடம் வாயே திறக்கவில்லை.

"பெரிய வேலையில இருக்கேன்டா மாப்ள. எல்லாம் முடிவானதும் நானே கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டார்.

கடைசிச் சனி வந்தது. அராபாவே வழி சொன்னாள்: பந்தலும் பேண்டும் காலையில் பெரியவருக்கு, மதியத்துக்குமேல் எபோவுக்கு.

"அவர் ஒத்துக்கிட்டாரா?"

"உன்னை மாதிரியே அலுத்துப்போய் ஒத்துக்கிட்டாரு. நல்ல மனுஷன்."

பன்னிரண்டு மணிக்குப் பந்தல் வந்து இறங்கியது. நாற்காலிகளில் இன்னும் சூடு இருந்தது. முதல் ஆட்டம் ஆடிவிட்டு வந்த பேண்டுக்காரர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஊதத் தொடங்கினார்கள். துக்கத்துக்கான கறுப்பும் சிவப்பும் உடுத்திய அக்கம்பக்கத்தார் தெருவை நிறைத்தார்கள். ஆறு வாரத்தில் முதல்முறையாக எபோ நிம்மதியாக மூச்சுவிட்டான். ஊர்வலத்தைப் பிணவறை வாசலில் நிறுத்தி, அம்மாவின் சீட்டை நீட்டினான்.

காவலாளி பேரேட்டைப் பார்த்தார், பேண்டைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

"பந்தலைப் பங்கு போட்டீங்க, பேண்டைப் பங்கு போட்டீங்க, சரி. அம்மாவைக் காலையிலேயே உங்க மாமா குடும்பத் தலைவர்னு கையெழுத்துப் போட்டு அனோமாபுவுக்குக் கொண்டுபோய் அடக்கம் பண்ணிட்டாரே தம்பி."