பின்னோக்கி நடந்த பேண்டு

எங்க விசில் அண்ணாச்சி மாதிரி விறைப்பான மனுசன் விருதுநகர் மாவட்டத்துலயே கிடையாது. பாளையம்பட்டிப் பக்கம் நாங்க வேலை பார்த்த பள்ளிக்கூடத்துல அவுக பி.டி. மாஸ்டர், பேண்டு மாஸ்டரும் அவுகதான். நான் கணக்கு வாத்தியார். டீ குடிக்கக் கிளம்புனாக்கூட இடது காலைத்தான் முதல்ல எடுத்து வைப்பாக. கூட நடக்கிற நான் கால் மாத்தி வச்சுட்டா நடுரோட்டுல நிறுத்தி, "ஏலே, காலை மாத்து"ம்பாக. பின்னால பஸ்ஸுக்காரன் ஆரன் அடிப்பான். நான் காலை மாத்துற வரைக்கும் அவுக நகர மாட்டாக.

சொந்தக் கல்யாண ஊர்வலத்துலயே பேண்டு செட்டுக்காரங்களை நிப்பாட்டி வரிசையைச் சரிபண்ணுன ஆளு. "அதை ஏன் கேக்குறீக, தாலி கட்டும்போதும் வாயில விசிலு"ன்னு மதினி தலையில அடிச்சுக்கிடுவாக.

பேண்டு பிள்ளைகளுக்கு அவுக போட்ட சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். விசில் ஊதாம யாரும் நிக்கக் கூடாது. ஒருநாள் பயிற்சி நடுவுல ஹெட்மாஸ்டர் கூப்பிட்டாருன்னு போயிட்டாக. திரும்பி வந்து பார்த்தா, முப்பது பிள்ளைகளும் கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுல டிரம்மு அடிச்சுக்கிட்டுப் போகுதுக. அண்ணாச்சிக்கு வந்த பெருமை இருக்கே, அப்பப்பா!

போன வருசம் வந்துச்சு வினை. பள்ளிக்கூட பேண்டு போட்டிக்கு விதியை மாத்த மாஸ்டர்மாரெல்லாம் கூடினாக. துணைக்கு நானும் போயிருந்தேன். நடை, வரிசை, வாசிப்புன்னு இருந்த மார்க்குல இருபதை எடுத்துப் 'புதுமை'க்குக் கொடுக்கணுமாம். கீபோர்டு வைக்கலாம், நின்ன இடத்துல டான்ஸும் ஆடலாம்.

"காலத்துக்கு ஏத்த மாதிரி மாறணும் சார். அப்பத்தான் பார்க்க ஆளு வரும்"ன்னாரு ஒரு இளவட்ட மாஸ்டர்.

"நடந்துக்கிட்டே வாசிச்சாத்தான் பேண்டு. நின்னு வாசிக்கணும்னா மேடை போட்டுக் கச்சேரி வைங்க"ன்னாக அண்ணாச்சி.

கை தூக்கச் சொன்னப்போ எதிர்ப்புக்கு அவுக கை மட்டும் தனியா நின்னுச்சு. விடுவாகளா? கூடவே ஓடிப் பிள்ளைக தொப்பியைச் சரிபண்ணுற மாஸ்டர்மார் மேல இருந்த கடுப்புல, அவுகளும் ஒரு விதியைச் சேர்க்க வச்சாக. முன்னால விசிலடிக்கிற ஒருத்தரைத் தவிர வெளியாள் எவனாவது மைதானத்துச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ள வந்தா அந்த டீம் அவுட்டு.

ஹெட்மாஸ்டர் வேற, "இந்தத் தடவையும் பரிசு வரலைன்னா பேண்டை மூடிட்டு கராத்தே ஆரம்பிச்சிருவோம்"னுட்டாரு. அண்ணாச்சி ஒரு வாரம் சரியாச் சாப்பிடல. அப்புறம் ஒருநாள் ஸ்டாஃப் ரூமுக்குள்ள வந்து, "ஏலே, புதுமை கிடைச்சிருச்சு. பின்னாலயே நடக்கப் போறோம்"னாக.

நிசமாத்தான்! பாட்டு அதே பாட்டு, வரிசை அதே வரிசை, கால் மட்டும் பின்னாடி போகும். முதல் நாள் பெரிய டிரம்மு வேப்பமரத்துல போய் முட்டுச்சு. மூணாம் வாரம் ஒரு பிள்ளைகூடத் தலையைத் திருப்பல.

போட்டி அருப்புக்கோட்டையில. பிள்ளைகளுக்கு முன்னால அண்ணாச்சி நின்னு விசிலடிக்க, மொத்த பேண்டும் பின்வாங்க ஆரம்பிச்சது. கூட்டமே எந்திரிச்சிருச்சு. நடுவர்மார் பேனாவைக் கீழ வச்சுட்டுப் பார்த்தாக. மூணு பாட்டு முடிஞ்சு ஒண்ணுதான் பாக்கி. அப்போ, கூடவே பின்னால நடந்துக்கிட்டிருந்த அண்ணாச்சி, கரிசல் மண்ணு வெடிப்புல குதிகால் மாட்டி மல்லாக்க விழுந்தாக. விசில் எங்கயோ தெறிச்சிருச்சு.

பிள்ளைக நிக்கல. விசில் இல்லாம எப்படி நிக்கும்? விழுந்து கிடக்கிறவுகளைப் பார்த்தபடியே, அழுதுக்கிட்டே, வாசிச்சுக்கிட்டே விலகி விலகிப் போகுதுக. அவுக கையை ஆட்டி, "போங்க, போங்க"ங்காக.

எனக்குத் தாங்கல. ஓடுனேன்.

"ஏலே, கோட்டைத் தாண்டாத! ஒரு பாட்டுதான்டா இருக்கு!"

தாண்டிட்டேன். மைக்குல எங்க ஸ்கூல் அவுட்டுன்னு சொன்னாக.

இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்தவுக எந்திரிக்கவே இல்ல. பேண்டு ரூமுல இப்ப கராத்தே நடக்குது. நான் பார்க்கப் போறப்பல்லாம் முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிடுவாக. எட்டு மாசம் அப்படித்தான் போச்சு. கடைசியாப் போனப்போ, "பிள்ளைக அந்தக் கடைசிப் பாட்டை முடிச்சிருக்கும்ல?"ன்னாக.

"முடிச்சிருக்கும் அண்ணாச்சி."

"அப்ப நீ ஏன்டா உள்ள வந்த?"

பாவி நான் போர்வையை இழுத்து விட்டுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். மறுவாரம் போய்ச் சேர்ந்துட்டாக.

உங்களுக்காகத்தான் வந்தேன் அண்ணாச்சி. பேண்டு எனக்கு எதுக்கு?