நாலாம் நம்பர் டப்பா

முன்னறைக்கு என்ன நிறம் என்பதை இந்தத் தடவை தானே முடிவு செய்வது என்று சூப்பர்வைசர் சபதம் எடுத்தார். சட்டைக் கம்பெனியில் தினமும் ஆயிரம் சட்டையைப் புரட்டிப் புரட்டிக் கழித்துக் கட்டுகிறவர் அவர். என்ன குறை என்று தையல்காரர்கள் கேட்டால் சொல்லத் தெரியாது. அதற்காகவே மேனேஜரிடமிருந்து ஓர் இங்கிலீஷ் வாக்கியம் பிடித்து வைத்திருந்தார்: "ஐ நோ இட் வென் ஐ சீ இட்." இன்னதென்று சொல்ல முடியாது, பார்த்தால் தெரியும். அதற்கு மேல் கம்பெனியில் யாரும் வாயைத் திறப்பதில்லை. வீட்டில்தான் அந்த மரியாதை கிடையாது.

"உங்களுக்கு என்ன கலர்தாங்க வேணும்?" என்றாள் மனைவி.

"ஒரு இது இருக்கணும்."

"எது?"

"அதைச் சொல்ல முடியாது. ஐ நோ இட்..."

"பார்த்தா தெரியும். சரி, பாருங்க."

பெயிண்டர் சுவரில் ஐந்து நிறங்களைத் தீற்றி நம்பர் போட்டிருந்தார். அவள் ஆசைப்பட்டது இரண்டாம் நம்பர், பச்சை. சூப்பர்வைசர் நாலாம் நம்பர் சந்தன நிறத்தைக் காட்டி, "இதுல அது இருக்கு" என்றார். சண்டைக்குத் தயாராக மூச்சையும் இழுத்துக்கொண்டார்.

"சரிங்க. முன்னறைக்கு நாலு. என் பச்சை சமையலறைக்குப் போகட்டும்."

அவருக்குச் சந்தேகம் தட்டியது. பதினாறு வருஷத்தில் அவள் ஒரே பேச்சில் சம்மதித்ததே இல்லை.

பெயிண்டர் இரண்டு டப்பாக்களைக் கொண்டுவந்து மூலையில் வைத்தார். மூடி மேல் சீட்டு: ஒன்றில் நாலு, மற்றதில் இரண்டு. அவர் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். பெயிண்டருக்கு இன்னொரு டம்ளர் காப்பி வேறு. சந்தேகமே இல்லை, சீட்டை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள்.

திறந்து பார்த்தால் தீர்ந்தது. ஆனால் கம்பியால் நெம்ப வேண்டும், மூடி நெளியும், மானம் போகும். தவிர, பார்த்தாலே தெரிகிறவர் திறந்து வேறு பார்ப்பதா? மறுநாள் காலை அவள் குளிக்கப் போனதும் இரண்டு சீட்டையும் பிய்த்து இடம் மாற்றி ஒட்டிவிட்டு, விசிலடித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

மாலையில் வந்தால் முன்னறை பச்சைப் பசேலென்று இருந்தது.

"என்னய்யா இது?"

"சீட்டுல உள்ளபடிதான் சார் அடிச்சேன்" என்றார் பெயிண்டர். "மூடியைத் திறந்ததும் எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. அம்மாதான், சார் செக் பண்ணிட்டுப் போயிருக்காரு, சீட்டுப்படியே அடிங்கன்னு சொன்னாங்க."

சீட்டை மாற்றியது யார் என்று உலகத்தில் எவர் கேட்டாலும் சூப்பர்வைசர் கேட்க முடியாது. பெயிண்டர் தெருமுனை தாண்டும் வரை பொறுத்திருந்து, மெதுவாக மனைவி பக்கத்தில் போய் நின்றார்.

"நான் மாத்துவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் பச்சைச் சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அதைச் சொல்ல முடியாதுங்க. உங்களைப் பார்த்தா தெரியும்."